தேர்தல் ஆணையத்தை நீதிமன்றம் எப்போது கேள்வி கேட்கலாம்?

தேர்தல் ஆணையம் சுதந்திரமான அமைப்பு என்பதையும், அதன் வேலையில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்பதையும் அரசியல் மேடைகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கூறுகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டவை. வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதையும் தேர்தலை நடத்துவதையும் கண்காணித்து, நெறிப்படுத்தி, கட்டுப்படுத்தும் பொறுப்பை 324ஆவது கூறு ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலையோ சட்டமன்றத் தேர்தலையோ, முடிவு வந்த பிறகு அதை எதிர்த்துத் தொடுக்கும் தேர்தல் மனு வழியாக அன்றி வேறெந்த வழியிலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்று 329ஆவது கூறின் ஆ பிரிவு சொல்கிறது. முதலாவது அதிகாரத்தைப் பற்றியது. இரண்டாவது, அந்த அதிகாரத்தின் மீதான வழக்கு எந்த வாசல் வழியாக, எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதைப் பற்றியது. எழுபது ஆண்டுத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால், ‘தலையிடலாமா’ என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது என்பதும், உண்மையான சண்டை எல்லாம் ‘எப்போது’ என்பதைச் சுற்றியே நடக்கிறது என்பதும் தெரியும்.

இதற்கான அடித்தளம் நாமக்கல்லில் விழுந்தது. முதல் பொதுத் தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட என்.பி.பொன்னுசாமி தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் நடத்தும் அதிகாரி நிராகரித்தார். பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரியின் உத்தரவை நேரடியாக எதிர்க்கும் மனு, போட்டார். அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் போனார். வாக்குப்பதிவே இன்னும் நடக்கவில்லை, ஆகவே ‘தேர்தல்’ என்று எதையும் தான் எதிர்க்கவில்லை, ஒரு அதிகாரியின் தவறான உத்தரவை மட்டுமே எதிர்ப்பதாக அவர் தரப்பு வாதிட்டது. 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பளித்த நீதிபதி ஃபசல் அலி இதை ஏற்கவில்லை. தேர்தல் என்பது வாக்களிக்கும் நாள் மட்டுமல்ல, அறிவிக்கை வெளியானது முதல் முடிவு அறிவிக்கப்படும் வரையிலான முழு நடைமுறையும் தேர்தல்தான். நடுவில் எந்தக் கட்டத்தில் குறை நேர்ந்தாலும், அது தேர்தலின் முடிவைப் பாதிக்குமானால், எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் மனுவில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

பொன்னுசாமிக்கு இது கொடுமையான தீர்ப்பு. மனு நிராகரிக்கப்பட்டது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அவர் களத்தில் இல்லாமலேயே தேர்தல் நடந்து முடிந்துவிடும். ஆனாலும் நீதிமன்றத்தின் கவலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான தொகுதிகளில் நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு வேட்பாளரும் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கத் தொடங்கினால், சட்டமன்றங்கள் உரிய காலத்தில் கூடவே முடியாது. தனி மனிதரின் நியாயத்தைத் தள்ளிவைத்து, மக்களுக்குக் காலத்தில் ஓர் அவை கிடைப்பதை முன்னால் வைத்தது அந்தத் தீர்ப்பு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீதிமன்றச் சீராய்வு இல்லை என்று அது சொல்லவில்லை, பிறகு என்றுதான் சொன்னது. அன்று அந்த மனுக்களைத் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. 1966க்குப் பிறகு உயர் நீதிமன்றங்களே நேரடியாக விசாரிக்கின்றன. முடிவு வந்த 45 நாளுக்குள் மனு தாக்கலாக வேண்டும்.

அடுத்த பெரிய வழக்கு 1977 மக்களவைத் தேர்தலில், பஞ்சாபின் ஃபிரோஸ்பூர் தொகுதியிலிருந்து வந்தது. எண்ணிக்கை ஏறக்குறைய முடியும் நேரத்தில் ஒரு கும்பல் புகுந்து வாக்குச்சீட்டுகளை அழித்தது. முன்னிலையில் இருப்பதாகச் சொன்ன மொகிந்தர் சிங் கில் தன்னை வெற்றி பெற்றவராக அறிவிக்கக் கோரினார். தேர்தல் ஆணையமோ பாதிக்கப்பட்ட பகுதியோடு நிற்காமல் முழுத் தொகுதியின் வாக்குப்பதிவையும் ரத்து செய்து, மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. முழுத் தொகுதிக்கும் மறுவாக்குப்பதிவு நடத்த ஆணையத்துக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது என்பதும், பாதிக்கப்படுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்படிச் செய்யலாமா என்பதும் கேள்விகளாயின.

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில் இன்றும் ஆணையத்தின் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் ஒரு சொல் வருகிறது: 324ஆவது கூறு அதிகாரத்தின் நீர்த்தேக்கம். சட்டம் இயற்றியவர்கள் எல்லாச் சூழலையும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்க முடியாது. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், நேர்மையான தேர்தலை நடத்துவதற்காக ஆணையம் அந்தத் தேக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதே தீர்ப்பின் அடுத்த வரிகளை மேற்கோள் காட்டுவார்கள். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ செல்லத்தக்க சட்டம் ஒன்றை இயற்றியிருந்தால் ஆணையம் அதற்கு உட்பட்டே நடக்க வேண்டும், அதை மீற முடியாது. சட்டமே இல்லாத இடத்திலும், பாதிக்கப்படுபவர் தரப்பைக் கேட்பது போன்ற இயற்கை நீதியின் நெறிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். ஓர் உத்தரவு அது பிறப்பிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களின் பலத்திலேயே நிற்க வேண்டும், வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களை ஏற்ற முடியாது என்று இன்று எல்லா நிர்வாக வழக்குகளிலும் சொல்லப்படும் விதியும் இந்தத் தீர்ப்பில் இருப்பதுதான்.

இத்தனையும் சொல்லிவிட்டு, கில்லின் ரிட் மனுவுக்கு இடமில்லை என்றுதான் நீதிமன்றம் முடித்தது. மறுவாக்குப்பதிவு உத்தரவும் தேர்தலை முடித்து வைப்பதற்கான ஒரு படியே என்பதால், 329இன் தடை அதற்கும் பொருந்தும். தேர்தல் மனுவை விசாரிக்கும் நீதிமன்றம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆணையத்தின் அதிகாரத்துக்கு எல்லைக்கோடு போட்ட வழக்கிலேயே, அந்தக் கோட்டைத் தாண்டினார்களா என்ற விசாரணை தள்ளிப்போனது.

எல்லைக்கோடு உண்மையில் வேலை செய்தது கேரளத்தின் பரவூரில். 1982 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், அந்தத் தொகுதியின் 84 வாக்குச்சாவடிகளில் 50இல் இந்தியாவில் முதன்முறையாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இயந்திரத்துக்கு ஏற்ப விதிகளைத் திருத்தும்படி ஆணையம் மத்திய அரசைக் கேட்டிருந்தது. அரசு ஒப்புதல் தரவில்லை. ஆகவே 324ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆணையம் தானே உத்தரவிட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் முறைப்படி தேர்தல் மனு தாக்கல் செய்தார். அதாவது இவர் சரியான வாசலில், சரியான நேரத்தில் வந்தவர்.

1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜோஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டு முறையைத் தெளிவாக வரையறுத்திருக்கும்போது மௌனம் என்ற ஒன்று அங்கே இல்லை. இல்லாத வெற்றிடத்தை ஆணையம் நிரப்ப முடியாது. சட்டம் இயற்றும் வேலை நாடாளுமன்றத்துடையது, ஆணையத்துடையது அல்ல. அளவற்ற அதிகாரத்தை ஆணையத்திடம் கொடுத்துவிட்டு, பின்னொரு நாளில் அரசியல் சாய்வுள்ள ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றும் தீர்ப்பு கவலைப்பட்டது. இதை எழுதியவர் நீதிபதி முர்தசா ஃபசல் அலி. பொன்னுசாமி வழக்கில் தீர்ப்பெழுதிய ஃபசல் அலியின் மகன். தந்தை காலத்தை வரையறுத்தார், மகன் அதிகாரத்தை வரையறுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். இயந்திரத்துக்கு இடமளிக்கும் 61அ பிரிவு 1989இல்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்தது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதன் மீது அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை என்பதை, இன்று இந்தத் தீர்ப்பை இயந்திரத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுகிறவர்கள் கவனிப்பதில்லை.

நீர்த்தேக்கத்திலிருந்து ஆணையம் எடுத்துக்கொண்டதற்குத் தமிழ்நாட்டு வாசகருக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் வாக்குப்பதிவு முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு அந்தத் தேர்தலே கைவிடப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ரத்தானது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யச் சட்டத்தில் 58அ பிரிவு இருக்கிறது. வாக்குக்குப் பணம் கொடுத்தால் வாக்குப்பதிவுக்கு முன்பே ரத்து செய்யலாம் என்று எந்தப் பிரிவும் இல்லை. சட்டத்தின் ‘ஊழல் நடவடிக்கைகள்’ பட்டியலில் லஞ்சம் இருக்கிறது, ஆனால் அதற்கான பரிகாரம் தேர்தல் முடிந்த பின் வரும் மனு. பரவூர்த் தீர்ப்பைக் கண்டிப்பாக வாசித்தால், சட்டம் ஏற்கெனவே ஒரு வழி சொல்லியிருக்கும்போது ஆணையம் இன்னொரு வழியை உண்டாக்கியதாகவும் சொல்ல முடியும். ஃபிரோஸ்பூர்த் தீர்ப்பைத் தாராளமாக வாசித்தால், முன்கூட்டித் தடுப்பது பற்றிச் சட்டம் மௌனமாக இருந்ததாகவும் சொல்ல முடியும். வேலூர் ரத்தை எதிர்த்த மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் மறுநாளே தள்ளுபடி செய்துவிட்டதால், இந்த இரண்டு வாசிப்புகளில் எது சரி என்பது ஆழமாக விவாதிக்கப்படாமலே போனது. எனக்கு ரத்து செய்ததில் தவறு தெரியவில்லை. அதற்கான அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதிவைக்காமல் ஒவ்வொரு முறையும் 324ஐ இழுப்பதுதான் தவறாகத் தெரிகிறது.

நீதிமன்றமும் இதே தேக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது உண்டு. வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்குகளையும் சொத்து விவரங்களையும் அறிவிக்க வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. 324இன்படி அந்தத் தகவலைக் கேட்டு வாங்கும்படி ஆணையத்துக்குத்தான் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த 33ஆ பிரிவு 2003இல் செல்லாததாக்கப்பட்டது. எந்த வேட்பாளரையும் ஏற்கவில்லை என்று பதிவு செய்யும் நோட்டா பொத்தானும் 2013இல் இதே பாதையில் வந்தது. ஆக, 324இன் எல்லையை விரித்ததில் ஆணையத்துக்கு இருக்கும் பங்கு நீதிமன்றத்துக்கும் உண்டு.

பொன்னுசாமி தீர்ப்பின் கெடுபிடியை 2000ஆம் ஆண்டில் அசோக் குமார் வழக்கு சற்றே தளர்த்தியது. தேர்தலைத் தடுக்காமல், தாமதப்படுத்தாமல், அது ஒழுங்காக நடந்து முடிய உதவும் வகையில் இருந்தால், நடுவிலும் நீதிமன்றம் பார்க்கலாம். பின்னால் அழிந்துபோகக்கூடிய சாட்சியத்தைப் பாதுகாக்கவும் உத்தரவிடலாம். தீய நோக்கமோ தான்தோன்றித்தனமோ வெளிப்படையாகத் தெரிந்தால் கேட்கலாம். ஏட்டில் இது விசாலமான கதவு. நடைமுறையில் அது அரிதாகவே திறக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளைக் காட்டும் 17சி படிவத்தின் விவரங்களை உடனே வெளியிடக் கோரிய மனுவில், தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது கைவைக்க மாட்டோம் என்று மே 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவை மறுத்தது. ஒரு படிவத்தை வெளியிடுவது தேர்தலைத் தடுப்பதா, அதற்கு உதவுவதா என்பது நியாயமான கேள்வி.

கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கைகளை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாக இல்லை என்ற திமுக மனுவின் பேரில், வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார். இந்தத் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 329க்கு இணையான தடை இங்கே 243ஆவது கூறின் வரிசையில் இருக்கிறது. டிசம்பர் 31க்குள் நடத்தி முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு விதித்தும் நடக்கவில்லை. மேல்முறையீடு, வார்டு மறுவரையறை, சட்டத் திருத்தம், புதிய மாவட்டங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் சேர்ந்தன. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் இறுதியிலும், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றும் நடந்தன. சென்னை மாநகராட்சியில் ஐந்தாண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூடத் தனி அலுவலரின் நிர்வாகத்திடம்தான் போக வேண்டியிருந்தது. மனுவில் சொன்ன குறை உண்மையாகவே இருந்தாலும், நீதிமன்றம் நிறுத்திய ஒன்றைத் திரும்ப ஓடவைக்க நீதிமன்றத்தாலேயே முடியவில்லை. நாமக்கல் தீர்ப்பின் அச்சம் கற்பனை அல்ல.

ஆணையர்களை யார் நியமிப்பது என்ற வழக்குகளை இங்கே சுருக்கமாகவே தொட முடியும். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை மட்டுமே என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஒரு மத்திய அமைச்சரை உட்காரவைத்தது. பரவூர்த் தீர்ப்பு பயந்த அந்த நாற்காலியைப் பற்றிய விஷயம் இது என்பதால், ஆணையத்தின் தேர்தல் நேர முடிவுகளுக்குக் காட்டப்படும் பொறுமை குறைந்துகொண்டே வருவதில் வியப்பில்லை.

இதுவரை சொன்ன ‘பிறகு பார்க்கலாம்’ என்ற கோட்பாடு, பிறகு என்று ஒன்று இருந்தால்தான் நியாயமாகும். வாக்காளர் பட்டியல் விஷயத்தில் அது இல்லை. பட்டியல் தயாரிப்பது 329 சொல்லும் ‘தேர்தல்’ என்பதில் அடங்காது என்று மேற்கு வங்கத்திலிருந்து வந்த லட்சுமி சரண் சென் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ரிட் மனுவுக்குத் தடை இல்லை. கூடவே, பட்டியலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்த உயர் நீதிமன்றங்கள் முனையக் கூடாது என்றும் எச்சரித்தது. மறுபக்கம், பதிவு அலுவலர் முடிவு செய்த வாக்காளர் தகுதியைத் தேர்தல் மனுவில் மறுபடி கிளற முடியாது என்று 1973இலேயே ஹரிபிரசாத் திரிவேதி வழக்கு சொன்னது. இறுதியான பட்டியலைத் தேர்தல் வழக்கில் தாக்க முடியாது என்று அசாம் வழக்கு ஒன்றும் சொன்னது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பெயர் நீக்கப்பட்டவருக்கு முன்னால் கிடைப்பது தயங்கும் நீதிமன்றம், பின்னால் கிடைப்பது மூடிய கதவு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கவும் முடியாது.

இந்தச் சிக்கலின் நடுவில்தான் 2025 ஜூன் 24 அன்று பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை ஆணையம் அறிவித்தது. மாநிலத்தில் இருந்த வாக்காளர் சுமார் 7.89 கோடி, ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 லட்சம் பெயர்கள் இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 21(3) பிரிவு, காரணங்களைப் பதிவு செய்து, எந்தத் தொகுதிக்கோ தொகுதியின் ஒரு பகுதிக்கோ, தான் தக்கதென நினைக்கும் முறையில் சிறப்புத் திருத்தம் செய்ய ஆணையத்தை அனுமதிக்கிறது. ‘தக்கதென நினைக்கும் முறை’ என்பதை ஆணையம் பிடித்துக்கொண்டது. ‘தொகுதிக்கோ பகுதிக்கோ’ என்பதை மனுதாரர்கள் பிடித்துக்கொண்டார்கள், ஒரு மாநிலம் முழுவதற்கும் இதைப் பயன்படுத்த முடியாது என்றார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர் முறையாகச் சேர்க்கப்பட்டவர் என்றே தொடங்க வேண்டும் என்ற 1995ஆம் ஆண்டின் லால் பாபு உசைன் தீர்ப்பும் வாதத்துக்கு வந்தது.

உச்ச நீதிமன்றம் திருத்தத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஆகஸ்ட் 14 அன்று, விடுபட்ட அத்தனை பெயர்களையும் காரணத்தோடு மாவட்டவாரியாக இணையதளத்தில் வெளியிடச் சொன்னது. செப்டம்பர் 8 அன்று, ஆணையம் ஏற்கும் ஆவணங்களின் வரிசையில் ஆதாரைப் பன்னிரண்டாவதாக, அடையாளத்துக்கு மட்டும், ஏற்கச் சொன்னது. ஒரு கிராமத்தில் இருப்பவர் தன் பெயர் இறந்தவர் வரிசையில் போயிருக்கிறதா, குடிபெயர்ந்தவர் வரிசையில் போயிருக்கிறதா என்று தானே பார்த்து, அங்கேயே மறுப்புத் தெரிவிக்க அந்த உத்தரவு வழி செய்தது. அசோக் குமார் வழக்கு சொன்ன ‘உதவும் தலையீடு’ நடைமுறையில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. காரணத்தை வெளியே சொல் என்பது ஃபிரோஸ்பூர்த் தீர்ப்பு கேட்டதும்தான்.

அடிப்படைக் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 21(3) ஒரு முழு மாநிலத்தையும் தாங்குமா, தாங்காத இடத்தில் 324 வந்து நிரப்புமா என்பதற்கு இறுதி விடை வருவதற்கு முன்பே, நவம்பர் 6, 11 ஆகிய நாட்களில் பீகார் அந்தப் பட்டியலை வைத்தே வாக்களித்து முடித்தது. அதற்குள் அதே திருத்தம் தமிழ்நாடு உள்பட மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளுமாக மொத்தம் பன்னிரண்டுக்கு விரிந்து, டிசம்பர் 19 அன்று இங்கு வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. இவற்றில் கணிசமானவை இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்பது ஆணையத்தின் விளக்கம்; அது சரியாகவே இருக்கலாம். அது சரியாக இருப்பதும், அதைச் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல என்றுதான் பரவூர் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே 50 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த முடிந்தது, ஒரு மாநிலத்தின் பட்டியலுக்கு அப்படி ஒரு பரிகாரம் இல்லை. ஆகவே பட்டியல் வழக்குகளையாவது தேர்தல் அறிவிக்கைக்கு முன்பே, அன்றாடம் விசாரித்து முடிக்கும் கடமை நீதிமன்றத்துக்கு இருக்கிறது.